அதிமதுரமும் கார்டிசாலும்

தொண்டை கட்டிக்கொண்டால் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரக் குச்சி வாங்கி வாயில் அடக்கிக்கொள்வது நம் வீடுகளில் பழக்கம். மேலே பழுப்பு, கடித்தால் உள்ளே மஞ்சள் நார். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் இனிப்பு மெல்ல ஊறி, நெடுநேரம் நாக்கிலேயே நிற்கும். சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பான கிளிசரைசின் செய்யும் வேலை அது. என்றைக்கோ ஒருநாள் சுவைப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தினமும், வாரக்கணக்கில் எடுப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

1940களில் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு உடம்பு வீங்கியது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எழும்பி வர நேரமாகும் வீக்கம்.

ஏன் வீங்கியது? உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன். அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி செல்லுக்குள் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மன அழுத்த ஹார்மோன் என்று நாம் கேள்விப்பட்ட கார்டிசாலும் அதே ஏற்பியில் அதே அளவு நன்றாக ஒட்டும். ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனைவிடக் கார்டிசால் நூறு மடங்குக்கும் மேல். அப்படியானால் ஆல்டோஸ்டிரோனுக்கு இடமே கிடைக்கக் கூடாதே?

கிடைக்கிறது. அந்தச் செல்களில் 11-பீட்டா-எச்எஸ்டி2 என்றொரு நொதி இருக்கிறது. உள்ளே வரும் கார்டிசாலை அது உடனுக்குடன் கார்டிசோனாக மாற்றிவிடும். கார்டிசோன் அந்த ஏற்பியில் ஒட்டாது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

அதிமதுரம் கைவைப்பது சரியாக இந்த இடத்தில். குடல் பாக்டீரியாக்கள் கிளிசரைசினைக் கிளிசரெட்டினிக் அமிலமாக உடைக்கின்றன; அந்த அமிலம் ரத்தத்தில் ஏறி நொதியை முடக்குகிறது. இதை 1987இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். நொதி முடங்கினால் கார்டிசால் ஏற்பிகளை நிறைத்துவிடும். உப்பும் நீரும் தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் வடியும். பொட்டாசியம் குறைந்தால் கால் தளரும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர் அதிமதுர மிட்டாயைத் தினமும் ஒன்றரைப் பை வீதம் சில வாரங்கள் தின்று இறந்ததை 2020இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

நாளுக்கு 100 மில்லிகிராம் கிளிசரைசினைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர் குழுவின் வரம்பு. ஆனால் வேருக்கு வேர் அளவு மாறும்; கையிலிருக்கும் குச்சியைப் பார்த்து யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தவிர்ப்பதே சரி. நஞ்சுக்கொடியிலும் இதே நொதிதான் தாயின் கார்டிசாலைத் தடுத்துக் குழந்தையைக் காக்கிறது.

பரிசோதனை முடிவு மருத்துவரையே குழப்பும். அறிகுறிகள் எல்லாம் ஆல்டோஸ்டிரோன் மிகுந்தது போலிருக்கும்; அளந்து பார்த்தால் ஆல்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் கிடக்கும். அதிமதுரம் சாப்பிடுகிறேன் என்று நோயாளி வாய்விட்டுச் சொன்னால்தான் விடை கிடைக்கும். நிறுத்திய பிறகும் நொதி பழைய நிலைக்குத் திரும்ப ஓரிரு வாரங்கள் பிடிக்கலாம்.