ரயில் ரத்தாகும் முன்னால் நீங்கள் ரத்து செய்யாதீர்கள்

அரையாண்டு விடுமுறையும் அடைமழையும் ஒன்றாக வருவது நம் ஊர்ப் பயணிகளின் தலையெழுத்து. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையமே மூடிக் கிடந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு வெள்ளத்தில் நின்றுபோனது. டிக்கெட் போட்டுக் கொடுக்கும் எங்களுக்கு அந்த மாதிரி நாட்களில் போன் ஓயாது. ஆனால் மழையில் போகும் பணத்தைவிடப் பதற்றத்தில் போகும் பணம்தான் அதிகம்.

"அண்ணே, புயல் வருதாம். டிக்கெட்டை நானே கேன்சல் பண்ணிட்டேன். முழுப் பணமும் வந்துரும்ல?"

வராது. நீங்களாக ரத்து செய்தால் வழக்கமான பிடித்தம் உண்டு. புயலைக் காரணம் காட்ட முடியாது. அதே ரயிலை ரயில்வே ரத்து செய்தால் டிக்கெட் கட்டணம் முழுவதும் திரும்பி வரும். ஆன்லைன் டிக்கெட் என்றால் தானாகவே வந்துவிடும். கவுன்ட்டரில் எடுத்திருந்தால், ரயில் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் போய்க் கொடுத்து வாங்க வேண்டும். இந்த மூன்று நாளைக் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். மழை விட்டதும் போகலாம் என்று இருந்துவிடுவார்கள்.

ரயில் ரத்தாகவில்லை, தாமதம்தான் என்றால் கணக்கு வேறு. நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால், பயணம் செய்யாமல் முழுப் பணம் கேட்கலாம். ஆன்லைன் டிக்கெட் என்றால் அதற்கு ஐஆர்சிடிசி தளத்தில் டிடிஆர் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும், அதுவும் ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால். ராத்திரி பதினொன்றுக்கு வர வேண்டிய ரயில் மூன்று மணிக்கு வரும் என்று அறிவித்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, காலையில் காபி குடித்துக்கொண்டே டிடிஆர் போட்டால் என்ன ஆகும்? வண்டி போயே போச்சு, பணமும் அப்படித்தான்.

விமானத்தில் விபரீதம் வேறு வடிவில் வரும். விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்த கையோடு பதறிப்போய் முதலில் தெரியும் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். மாற்று விமானமா, பணமா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. பணத்தை நிறுவனத்திடமே வரவு வைத்துக்கொண்டு அடுத்த முறை பயன்படுத்துங்கள் என்பார்கள். அது பயணியின் விருப்பமே ஒழிய, அவர்களாகச் செய்யக் கூடாது என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். புயல், வெள்ளம் என்றால் இழப்பீடு கிடைக்காது. இழப்பீடு வேறு, டிக்கெட் பணம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சண்டை போட்டு, வர வேண்டியதையும் விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரொம்பச் சிக்கலானது தொடர் பயணம். நெல்லையிலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி என்று இரண்டு ரயில் டிக்கெட் போட்டால், இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் (முன்பதிவு) எண்களையும் இணைத்து வைக்கும் வசதி 2019 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், போகாத பயணத்தின் பணம் பிடித்தமில்லாமல் கிடைக்கும். இரண்டிலும் பயணிகளின் விவரம் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ரயிலில் இறங்கி விமானம் பிடிப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. விமானத்தைத் தவறவிட்டால் கட்டணம் போனதுதான். ஆனாலும் அதில் சேர்த்து வாங்கிய வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கேட்டால் திருப்பித் தர வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

போன பருவமழையில் ஒரு குடும்பம். மேட்டுப்பாளையம் மலைரயில் மண்சரிவால் நின்றது என்றதும் ஊட்டி அறையை ரத்து செய்துவிட்டுக் கொடைக்கானலில் போட்டார்கள். அங்கேயும் கனமழை எச்சரிக்கை வந்தது, ஏற்காட்டுக்கு மாறினார்கள். மறுநாள் வெயில் அடித்தது, திரும்ப ஊட்டி! ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அறை வாடகை போயிற்று. இத்தனைக்கும் ஊட்டிக்குப் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றது மலைரயில் மட்டுமே.

அறையை ரத்து செய்வதற்கு முன்னால் விடுதிக்கே நேராகப் போன் போட்டு, "தேதியைத் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். பணத்தைத் திருப்பித் தர யோசிக்கும் விடுதிக்காரர்கள்கூடத் தேதி மாற்றப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியவர் அடுத்த வாரம் அங்கே வேலையில் இருப்பாரா, யார் கண்டது? ஊட்டி, கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். அதில் நீங்கள் போகும் தேதியும் திரும்பும் தேதியும் இருக்கும். அறைத் தேதியை மாற்றிய கையோடு புது இ-பாஸும் எடுத்துவிடுங்கள். பழைய தேதியோடு போய்ச் சோதனைச்சாவடியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு, டவர் கிடைக்காத போனில் விண்ணப்பம் நிரப்புவது பெரும்பாடு.