பிள்ளைக்கு ஆட்டிசம், கற்றல் குறைபாடு: சான்று வாங்குவது எப்படி, அதனால் கிடைப்பது என்ன?

"சர்டிபிகேட் வாங்கிட்டா பிள்ளை மேல முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?" மருத்துவ முகாம் வரிசையில் நிற்கும் அம்மாக்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நானும் கேட்டிருக்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு நான் விண்ணப்பித்தது ஆறு வயதில். நடுவில் போன மூன்று வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது. அதே தயக்கத்தில் இருக்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், படிப்பதில், எழுதுவதில், கணக்குப் போடுவதில் திணறும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. ஏடிஹெச்டி இல்லை. ஓரிடத்தில் உட்காராமல், கவனம் நிற்காமல் தவிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது பெரிய ஏமாற்றம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதையும் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அது உறுதியானால் அந்த வழியில் சான்று பெறலாம்.

பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் என்றால் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். டிஇஐசி என்று கேட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுவார்கள். பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, உளவியல் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்க்கிறார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டு நிறுவனமும் இருக்கிறது. இங்கெல்லாம் போகச் சான்று கையில் இருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்த அன்றே போகலாம்.

சரி, சான்றுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடியின் இணையதளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். இணையம் பழக்கமில்லை என்றால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும். ஆட்டிசத்துக்கு இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் என்று ஒன்று உண்டு. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கொள்வார்கள்.

இங்கே ஒரு விஷயம். புது இடம், கூட்டம், பசி சேர்ந்தால் பிள்ளை ஒன்று சுருண்டுவிடும், இல்லையென்றால் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக உட்கார்ந்திருக்கும். மருத்துவர் பார்ப்பது அந்த அரை மணி நேரத்தைத்தான். அதனால் வீட்டில் பிள்ளை எப்படி இருக்கும் என்பதைப் போனில் இரண்டு மூன்று சின்ன வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளி நோட்டு, பழைய மருத்துவச் சீட்டு எதையும் விடாதீர்கள். சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். கேள்வி கேட்கும்போது பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று, "அதெல்லாம் அவனே செஞ்சுக்குவான்" என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அன்று ஒரு நாள் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

குறைபாடு எவ்வளவு என்று சான்றில் சதவீதமாக எழுதுவார்கள். அதில் முக்கியமான எண் 40 சதவீதம். பெரும்பாலான உதவிகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. யுடிஐடி அட்டை 40 முதல் 79 வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். ஐந்து வயது முடியாத பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடு என்று எழுதாமல் வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்று தருவார்கள். பிறகு மறுபரிசோதனை இருக்கும். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதிலிருந்துதான் சான்று. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்தால் அதுவும் சான்றில் ஏறியிருக்கிறதா என்று கையில் வாங்கும்போதே பாருங்கள். தமிழக அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, ரயிலில் பிள்ளைக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கிடைக்கும் கட்டணச் சலுகை போன்றவற்றுக்கு அந்த வார்த்தை அவசியம்.

பள்ளி விஷயத்தில் நான் பட்டது தனிக்கதை. "வேற ஸ்கூல் பாருங்கம்மா" என்று ஒரு தனியார் பள்ளியில் வாசலிலேயே சொன்னார்கள். எனக்கு அன்று சட்டம் தெரியாது, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்க்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்த 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில், இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது 31ஆம் பிரிவு. பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தாலும் தேதியைக் குறித்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ மனுக் கொடுக்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர்கள் வருவார்கள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொடுப்பார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் தேர்வுக்குப் பல மாதம் முன்பே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்துவிட வேண்டும்.

அப்புறம் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இல் வரும் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. சேரும்முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. தெரபி செலவும் இதில் வரும். வருடாவருடம் புதுப்பிக்க மறந்தால் போச்சு.

பலரும் கடைசி வரை யோசிக்காத ஒன்று 18 வயது. அந்தப் பிறந்தநாளோடு, சட்டத்தின் கண்ணில் அம்மாவும் அப்பாவும் பாதுகாவலர் இல்லை. வங்கிக் கணக்கு, சொத்து, சிகிச்சைக்கான கையெழுத்து என்று எல்லாம் சிக்கலாகும். நிராமயாவுக்குச் சொன்ன அந்த நான்கு குறைபாடுகளில் ஒன்று உள்ளவருக்கு, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ சட்டப்பூர்வப் பாதுகாவலராக விண்ணப்பிக்கலாம். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பதினேழு முடிந்ததும் காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் பெயரில் உள்ள சொத்து, கடன் பட்டியலையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு தனி நோட்டு இப்போதே போட்டுவைத்தால் நல்லது.