பி.டி.ஏ. படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்

போன பொங்கலுக்கு நியூ ஜெர்சியில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பெண் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கைப்பேசியை நீட்டினாள். "அக்கா, நீங்க பிசியோதானே? எட்டு வாரம் ஆன்லைன்ல படிச்சா போதுமாம். பி.டி.ஏ. ஆயிடலாமா?" பி.டி.ஏ. என்றால் பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டன்ட், தெரபிஸ்டுக்கு உதவியாகச் சிகிச்சை தருபவர். மறுநாள்தான் பணம் கட்டக் கடைசி நாள். பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'பிசிக்கல் தெரபி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'எய்ட்' என்று இருந்தது. 'அசிஸ்டன்ட்' என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இரண்டு வருடப் படிப்பும் ஒரு லைசென்ஸும் இருக்கின்றன. எய்ட் என்பவர் படுக்கையைத் துடைத்து வைப்பார், ஐஸ் பேக் எடுத்துத் தருவார், நோயாளியை அழைத்து வருவார். பெரும்பாலும் வேலையிலேயே கற்றுக்கொள்வதுதான், அதற்காகப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. அசிஸ்டன்ட், அதாவது பி.டி.ஏ., நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தருபவர். அமெரிக்காவில் 1969-ல் முதல் அணி படித்து வெளியே வந்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் இதற்கு லைசென்ஸோ அரசுச் சான்றோ வேண்டும். அதற்கான தேசியத் தேர்வை எழுத, 'கேப்டி' என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். தேர்வில் 600 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. வாழ்நாளில் 6 முறைதான் எழுத முடியும். ஆகவே தவறான இடத்தில் படித்தால் பணத்தோடு போகாது, வருடங்களும் போய்விடும்.

அங்கீகாரம் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையப் பக்கத்தில் சில எண்களை வெளியிட்டாக வேண்டும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை சதவீதம் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பவை அவை. தேர்ச்சி 85 சதவீதத்துக்குக் கீழே போனால் கல்லூரி கேப்டிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணிடம் இதைத்தான் தேடச் சொன்னேன். அவள் காட்டிய நிறுவனத்தில் அப்படி ஒரு பக்கமே இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "எங்க மாணவர்கள் எல்லாருமே நல்லா இருக்காங்க மேடம்" என்றார்களாம்.

சரி, உண்மையான படிப்பு எப்படி இருக்கும்? பெரும்பாலும் கம்யூனிட்டி கல்லூரிகளில், அதாவது இரண்டு வருடப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரிகளில், ஐந்து செமஸ்டர். உடற்கூறியல், உடலியங்கியல், அசைவியல் என்று தொடங்கும். பாடங்களை ஆன்லைனில் நடத்தினாலும் ஆய்வகத்துக்கு நேரில் போகத்தான் வேண்டும். கடைசியில் சுமார் 16 வாரம் முழுநேர மருத்துவமனைப் பயிற்சி. வாரம் 40 மணி நேரம், சம்பளம் கிடையாது. குழந்தையை யார் பார்ப்பது, அந்த நாலு மாதக் குடும்பச் செலவுக்கு என்ன வழி என்று முதலிலேயே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பாடம் ஏறாமல் நின்றவர்கள் அவர்களில் குறைவு.

நான் சென்னையில் நான்கரை வருடம் பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் படித்தவள். இங்கே லைசென்ஸ் வாங்கிய பிறகு, பி.டி.ஏ. மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அவர்களுடைய செய்முறைத் தேர்வைப் பார்த்திருக்கிறேன். நோயாளியாக நடிக்கும் சக மாணவரைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வேண்டும். ஒரு மாணவர் இடுப்பில் பெல்ட்டைச் சரியாகக் கட்டினார், கால்தாங்கியை ஒதுக்கினார், தன் முழங்காலை அணைவாக வைத்தார், எல்லாம் அழகாக இருந்தது. இடது பக்க பிரேக்கை மட்டும் பூட்டவில்லை. நோயாளி எழும்போது நாற்காலி ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது. அவ்வளவுதான், தோல்வி. கண்டிப்பு அதிகம் என்று தோன்றலாம். அந்த ஒரு விரல்கடையில் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட முதியவர்களைப் பார்த்தவளுக்கு அப்படித் தோன்றாது.

இன்னொரு மாணவி. முழங்கால் மாற்று அறுவை முடிந்து ஒன்பதாம் நாள் வந்த ஒரு பாட்டிக்கு அன்று படியேறும் பயிற்சி. பாட்டிக்கும் உற்சாகம், "ஐந்து படி ஏறிவிடுவேன்" என்கிறார். மாணவி சாக்ஸை இறக்கிக் காலைப் பார்த்தாள். ஆடுசதையில் புறங்கையை வைத்தாள், அப்புறம் மற்ற காலில் வைத்தாள். டேப்பை எடுத்து இரண்டையும் அளந்தாள். அறுவை செய்த காலின் ஆடுசதை 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தது, சூடாகவும் இருந்தது. முந்தின நாள் குறிப்பில் அப்படி இல்லை. பயிற்சியைத் தொடங்காமல், பாட்டியை உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். டாக்டரைக் கூப்பிட்டோம். ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. "இது ரத்தக்கட்டி" என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. "நேற்று மாதிரி இல்லை" என்று சொல்லத் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் படிப்பது இதற்காகத்தான். உடற்பயிற்சிப் பட்டியலை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துவிடலாம்.

வேலையின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், பலர் சேர்ந்த பிறகுதான் இதைக் கேட்டு மனம் சோர்கிறார்கள். முதல் பரிசோதனை, சிகிச்சைத் திட்டம், இலக்கை மாற்றுவது எல்லாம் தெரபிஸ்டின் பொறுப்பு. அந்தத் திட்டத்துக்குள் நின்று சிகிச்சை தருவது பி.டி.ஏ.வின் பொறுப்பு. ஆண்டு வருமானம் பொதுவாக 60,000 டாலருக்கு மேல். இரண்டு வருடப் படிப்புக்கு அது நல்ல வருமானம்தான். ஆனால் 2022 முதல் பி.டி.ஏ. தரும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு, தெரபிஸ்ட் தந்தால் கொடுக்கும் தொகையில் 85 சதவீதம்தான் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு தருகிறது. வேலைக்கு எடுக்கும் சில இடங்கள் இதைக் கணக்குப் பார்க்கின்றன.

"இதைப் படித்துவிட்டால் அப்படியே தெரபிஸ்ட் ஆகிவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரபிஸ்ட் ஆவதற்கு முனைவர் நிலைப் பட்டம் வேண்டும், பி.டி.ஏ. பாடங்களை அதற்குப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பி.டி.ஏ.க்களுக்கென்று தனி வழி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் மிகச் சில. ஊரில் பி.பி.டி. முடித்து வந்தவர்களுக்கு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாநில லைசென்ஸ் வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலன்று பேசிய பெண் அந்த எட்டு வாரப் படிப்பை விட்டுவிட்டாள். பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் முன்தேவைப் பாடமாக உடற்கூறியல் எடுத்திருக்கிறாள். பி.டி.ஏ. இடத்துக்குப் போட்டி அதிகம், கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. போன வாரம் கூப்பிட்டு, தோள்பட்டையைச் சுற்றியுள்ள நாலு தசைகளின் பெயரையும் ஒப்பித்தாள். மூன்றாவதில் தடுக்கினாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளே யோசித்துச் சொன்னாள்.