மேரி கியூரி ஆய்வு நல்கை: விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கணினி உருவகப்படுத்தல், பாய்ம இயக்கவியல், பொருளறிவியல் போன்ற துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவோருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி திட்டம் நல்ல வழி. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பும் கிடையாது. பின்னணி இவ்வளவு போதும், ஏனெனில் நான் பார்த்தவரை இங்கே வாய்ப்பை இழந்தவர்கள் பலரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர், விதியைப் பிந்திப் படித்தவர்கள்.

பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், ஆய்வு நடக்கவிருக்கும் நாட்டில் மொத்தம் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ படித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஜெர்மனியில் இரண்டாண்டு முதுகலை முடித்த கையோடு அங்கேயே ஓர் இடத்துக்கு விண்ணப்பித்த மாணவி ஒருவரை எனக்குத் தெரியும். நேர்காணல் முடிந்து, தேர்வும் ஆன பிறகுதான் அலுவலகம் அவருடைய குடியிருப்புத் தேதிகளைக் கேட்டது. முதல் நாளே கேட்க என்ன தடை என்பது இன்றும் விளங்கவில்லை. அவர் இத்தாலியில் உள்ள இடத்துக்கு விண்ணப்பித்திருந்தால் இந்த விதி குறுக்கே வந்திருக்காது, ஏனெனில் கணக்கு அந்த ஒரு நாட்டுக்கு மட்டுமே. ஆகவே 36 மாதங்களும் எங்கே இருந்தீர்கள் என்பதைத் தேதிவாரியாக எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பி, தகுதி உண்டு என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றவருக்கு இந்த இடம் இல்லை. வாய்மொழித் தேர்வில் வென்று சான்றிதழுக்காகக் காத்திருப்பவரும் பட்டம் பெற்றவராகவே கருதப்படுவார்.

அறிவிப்பில் காணும் தொகை அப்படியே கைக்கு வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023–24 செயல்திட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வாளருக்கான வாழ்க்கைப்படி மாதம் 3,400 யூரோவாக இருந்தது. அறிவிக்கும் தொகையை ஆய்வு நடக்கும் நாட்டின் விலைவாசிக்கேற்ற குணகத்தால் பெருக்கி, நிறுவனம் கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கையும் அதிலிருந்தே எடுத்து, உங்கள் வரியையும் பிடித்த பின்பே மிச்சம் வரும். நிகரச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது பேராசை அல்ல. அந்தச் செயல்திட்டப்படி பணம் 36 மாதங்களுக்கே தரப்பட்டது. பட்டம் முடிய நான்கு ஆண்டாகும் பல்கலைக்கழகமென்றால் நான்காம் ஆண்டுச் சம்பளத்தை யார் தருவார் என்பதைக் கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

விசாவுக்குத் தூதரகம், உங்களை ஆய்வுக்கு ஏற்பதாக அந்த நிறுவனம் தரும் ஏற்பு ஒப்பந்தத்தைக் கேட்கும். அதைத் தர நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு பட்டச் சான்றிதழ் கேட்கும். சான்றிதழுக்கு உங்கள் பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவைக் காட்டும். தற்காலிகச் சான்றிதழை ஏற்பார்களா என்பதைத் தேர்வான அன்றே கேட்டுவிடுங்கள். ஆய்வுத் திட்டத்துக்கு முடிவு நாள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருப்பதால், மிகவும் பிந்திச் சேர்ந்தால் குறைவது உங்கள் ஒப்பந்த மாதங்கள்தான்.

இதே திட்டத்தின் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய நல்கையில் ஆய்வு முன்மொழிவை மேற்பார்வையாளரோடு சேர்ந்து நீங்களே எழுத வேண்டும். பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே ஆய்வுக்கு அனுப்பும் உலகளாவிய பிரிவு, ஒன்றிய நாடுகளையும் அதனோடு இணைந்த நாடுகளையும் சேர்ந்த குடிமக்களுக்கும் அங்கே நீண்டகாலம் வசிப்போருக்கும் மட்டுமே உரியது. மற்றவர்கள் ஐரோப்பியப் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்த நல்கையில் குடியிருப்புக் கணக்கு சேரும் நாளிலிருந்து அல்ல, விண்ணப்பக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும்.