விமானத்துக்குள் நாம் சுவாசிக்கும் காற்று

1977-இல் அலாஸ்காவில் 54 பேர் ஏறிய ஒரு விமானம், எஞ்சின் கோளாறால் சுமார் 3 மணி நேரம் தரையிலேயே நின்றது. காற்றோட்டக் கருவி ஓடவில்லை. உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ காய்ச்சல். 3 நாளுக்குள் விமானத்தில் இருந்தவர்களில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். தொற்றுநோய்க் காலத்தில் விமானம் ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் இது. விமானம் பறந்துகொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பறக்கும்போது கதையே வேறு. வெளியே மைனஸ் 50 டிகிரி வரை குளிரும் மெல்லிய காற்றை எஞ்சினின் அமுக்கி இழுத்து நெருக்குகிறது. நெருக்க நெருக்க அது சூடேறும்; பிறகு குளிர்வித்து உள்ளே அனுப்புகிறார்கள். போயிங் 787-இல் மட்டும் இந்த வேலையைத் தனி மின்சார அமுக்கிகள் செய்கின்றன. பயணிகளுக்கு வரும் காற்றில் ஏறக்குறைய பாதி இப்படிப் புதிதாக வந்தது. மீதிப் பாதி, ஏற்கெனவே உள்ளே இருந்த காற்று. எல்லோரும் பயப்படுவது இந்த மீதிப் பாதியை நினைத்துத்தான்.

பெரும்பாலான பெரிய விமானங்களில் அது ஹெப்பா (HEPA) என்ற நுண்துகள் வடிகட்டி வழியாகத்தான் திரும்பி வருகிறது. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். சரி, கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான்தானே, நழுவிப் போய்விடாதா? எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம் வந்தது. நாம் வடிகட்டியை மாவு சலிக்கும் சல்லடை மாதிரி நினைப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையில் அது தாறுமாறாகப் பின்னிக்கிடக்கும் நுண்ணிழைகளின் அடர்ந்த புதர். பெரிய துகள் கனமானது. காற்று இழையைச் சுற்றி வளையும்போது அதனால் வளைய முடியாமல் நேராகப் போய் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் நாலா பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். இப்படித் தள்ளாடித் தள்ளாடிப் போவதால் ஏதாவது ஓர் இழையில் மாட்டாமல் அது தப்புவது கடினம். இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரான் பக்கம்தான் பிடிப்பதற்குச் சிரமம். அதனால்தான் சோதனையை அந்த அளவில் வைக்கிறார்கள். அதைவிடச் சிறியது இன்னும் எளிதாகவே சிக்கும். போதாததற்கு, வைரஸ் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, எச்சில் துளியோடு சேர்ந்து வருகிறது.

காற்று ஓடும் திசையும் நமக்குச் சாதகம். மேலிருந்து இறங்கி, அந்தந்த வரிசைக்குப் பக்கத்திலேயே, காலடியில் உள்ள துவாரங்களில் வெளியேறும். முன்னிருந்து பின்னாக அதிகம் நகராது. 2, 3 நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தக் காற்றும் மாறிவிடும் என்ற கணக்கில் இதை அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் பக்கத்து இருக்கைக்காரரின் இருமல் வடிகட்டிக்குப் போவதற்கு முன்பே நம்மிடம் வந்துவிடும். 2020 மார்ச் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஹனோய் போன விமானத்தில் பிசினஸ் வகுப்பில் ஒருவருக்கு இருமல் இருந்தது. அவரைத் தவிர 15 பேருக்குத் தொற்று உறுதியானது. அதில் 12 பேர் அதே வகுப்பில் இருந்தவர்கள். சுமார் 10 மணி நேரப் பயணம், முகக்கவசம் கட்டாயமாகாத நாட்கள். முகக்கவசம் செய்கிற வேலையை எந்த வடிகட்டியாலும் செய்ய முடியாது. மூச்சு புறப்படும் இடத்திலேயே தடுப்பது அது ஒன்றுதான். அதை அணிந்திருப்பவர்களும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே சமயத்தில் கழற்றுவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடித்து மாட்டிக்கொண்ட பிறகு நாம் சாப்பிட்டால் போதும்.

அப்புறம், தரையில் நிற்கும் நேரம். எஞ்சின் அணைந்திருந்தால், வாலில் உள்ள துணை எஞ்சினோ விமான நிலையத்தின் காற்றுக் குழாயோதான் காற்று தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உள்ளே காற்றோட்டமே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் தலைக்கு மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்து, கையை நீட்டிப் பாருங்கள். காற்று வரவில்லை என்றால் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கத் தயங்க வேண்டாம்.