கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை

கருக்கலைப்பு நம் நாட்டில் 1971 முதலே சட்டத்துக்கு உட்பட்டது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். கருத்தடை தவறியதும் ஏற்கத்தக்க காரணமே, திருமணம் ஆகாவிட்டாலும். 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்கள் வேண்டும்; அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்பத்தின்போது கணவரை இழந்தவர்கள் போன்றோருக்குத்தான். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இழுபறி ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் தொடங்குகிறது.

"வீட்டுக்காரரை அழைத்து வாம்மா." நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண் ஒருவரிடம் இப்படித்தான் சொன்னார்கள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் லீவு கிடைத்து வந்தபோது ஸ்கேன் எடுப்பவர் வரவில்லை. அடுத்த வாரம் டாக்டர் மீட்டிங். கடைசியில் "12 வாரம் தாண்டிவிட்டது, இங்கே முடியாது, ஊட்டிக்குப் போ" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நாள் தள்ளியது யார்?

18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், தோட்டத்து மேஸ்திரி எவருடைய கையெழுத்தும் சட்டத்தில் இல்லை. கேட்டால், "எந்த விதியில் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு மாறும். மாறாவிட்டால் தலைமை மருத்துவரைப் பாருங்கள், 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் போன் செய்யுங்கள். "குடும்பக் கட்டுப்பாடு செய்தால்தான் கலைப்போம்" என்பதும் சட்டத்தில் இல்லாத நிபந்தனை.

வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஓடுகிறது. நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் கழிந்திருக்கும். ஆகவே காத்திருக்காதீர்கள்.

சிறுமி என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். போலீசுக்குத் தகவல் போகும் என்று பயந்தே பலர் மறைக்கிறார்கள். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறிவிட்டது. டாக்டருக்கு இது தெரியாவிட்டால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அலைக்கழிப்பில் சலித்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் பெரிய ஆபத்து. மாத்திரை 9 வாரம் வரைக்கும்தான், அதுவும் டாக்டர் பார்த்த பிறகே. கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் உடனே 108ஐ அழையுங்கள். நம் பழங்குடிப் பெண்கள் பலருக்கு ரத்தசோகை, சிலருக்கு அரிவாள் செல் நோய் எனும் பரம்பரை ரத்த நோய். அவர்களுக்கு இந்த ரத்த இழப்பு தாங்காது. மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். மாத்திரை சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். உங்கள் விவரத்தை வெளியே சொன்னால் தண்டனை அவருக்குத்தான்.

வீட்டுக்குக் கிளம்புமுன் தேதியிட்ட டிஸ்சார்ஜ் சீட்டை வாங்குங்கள். கருக்கலைப்புக்குப் பின் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, தோட்டத் தொழிலாளிக்கும்தான். அந்தச் சீட்டு இல்லையென்றால் தோட்ட ஆபீசில் ஒரு நாள்கூடத் தர மாட்டார்கள்.