ஃபைட்டர் மீன் சோர்ந்து கிடக்கிறதா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஃபைட்டர் மீன் கொஞ்சம் வாடிவிட்டால் போதும், பலருடைய கை முதலில் மருந்து பாட்டிலுக்குத்தான் போகிறது. இன்றைக்கு நீல மருந்து, நாளைக்கு மஞ்சள் மருந்து, நடுவில் ஒரு கைப்பிடி உப்பு. எதுவும் கேட்காத பிறகுதான் மீன் எங்களிடம் வருகிறது. கூடவே வந்த தண்ணீரைச் சோதித்தால் அமோனியா ஏறிக் கிடக்கும். மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் நான் வருகிற எல்லோரிடமும் சொல்வது இதைத்தான்: ஃபைட்டருக்கு வரும் நோய்களில் பெரும்பகுதிக்குத் தண்ணீர்தான் வாசல். அதைச் சரிசெய்யாமல் ஊற்றும் மருந்து, நொந்து கிடக்கும் மீனுக்கு இன்னொரு பாரம்.

ஃபைட்டருக்குச் செவுளைத் தவிர லாபிரிந்த் என்ற சுவாச உறுப்பும் உண்டு. மேலே வந்து காற்றை விழுங்கி அதன் வழியாகவும் மூச்சுவிடும். அதனால்தான் சின்னக் கண்ணாடிக் குடுவையிலும் இது பிழைத்துக் கிடக்கிறது. பிழைத்துக் கிடப்பதைப் பார்த்து, அதற்கு அது போதும் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். காற்றை விழுங்கத் தெரிந்ததால் அமோனியா சுடாமல் விடாது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி உண்டாகும் அமோனியா செவுளையும் தோலையும் அரிக்கிறது. தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அதன் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். ஒரே அளவு அமோனியா ஒரு தொட்டியில் மீனை விட்டுவைப்பதும் இன்னொன்றில் கொல்வதும் இதனால்தான்.

அமோனியாவும், அதை பாக்டீரியா உடைக்கும்போது உண்டாகும் இன்னொரு நச்சான நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். புதுத் தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்குள் விடப்படும் மீன்கள்தான் அதிகம் நோய்ப்படுகின்றன. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவிவிட்டால் அந்த பாக்டீரியாவும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் போடுங்கள். சோதனையில் அமோனியா தெரிந்தால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரினை முறித்திருக்க வேண்டும், வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும்.

நோயின் முதல் அறிகுறி உடம்பில் தெரிவதற்கு முன் நடத்தையில் தெரியும். தீனி போட வரும் கையைப் பார்த்ததும் ஓடிவரும் மீன் ஓடிவராது. விரிந்து ஆடும் துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மேலே வந்து காற்று விழுங்குவது இயல்பு; மேல்மட்டத்திலேயே தொங்கிக்கொண்டு செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டால் அது மூச்சுத்திணறல்.

வால் கிழிவதைப் பார்த்ததும் எல்லோரும் வால் அழுகல் என்று முடிவுகட்டுகிறார்கள். அழுகலில் ஓரம் கறுத்தோ சிவந்தோ, சில நேரம் வெள்ளையாகவோ இருக்கும். நாளுக்கு நாள் உள்ளே ஏறும். மீன் தானே கடித்துக்கொண்டாலோ செயற்கைச் செடியில் மாட்டிக் கிழித்துக்கொண்டாலோ ஒரே இரவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். இரண்டாவதற்கு மருந்தே வேண்டாம். ஆரம்பநிலை அழுகல்கூட, தண்ணீரைச் சுத்தமாக வைத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். கிழிந்த ஓரத்தில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு வளர்வது தெரிந்தால் மீன் தேறுகிறது என்று அர்த்தம். அதை நோயாக நினைத்துப் பயந்து மீண்டும் மருந்து ஊற்றுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

வாயருகிலோ முதுகிலோ வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருப்பது எல்லாம் பூஞ்சை என்று எண்ண வேண்டாம். காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் அப்படித்தான் தெரியும். பூஞ்சை மருந்துக்கு அது அடங்காது, வெப்பத்தைக் கூட்டினால் இன்னும் வேகமாகப் பரவும். மருத்துவர் அந்த இடத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புதைந்திருக்கும்போது மருந்து அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, பெருகி, குஞ்சுகளாகத் தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் சில நாளில் திரும்ப வருவதற்குக் காரணம் இதுவே. பாட்டிலில் சொன்ன காலம் முழுக்கக் கொடுங்கள்.

வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் இதைவிட ஆபத்தானது, கண்ணுக்கும் எளிதில் படாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். தலைக்குப் பின்னாலும் முதுகிலும் பொன்தூள் பூசியதுபோல மினுங்கினால் அதுதான். மீன் கற்களில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். இந்த ஒட்டுண்ணி ஒளிச்சேர்க்கையும் செய்யும் என்பதால் விளக்கை அணைத்து வைப்பதும் சிகிச்சையில் ஒரு பங்கு. தாமிரம் கலந்த மருந்து கேட்கும். நத்தை, இறால் உள்ள தொட்டியில் அதை ஊற்றாதீர்கள், அவை செத்துவிடும்.

வயிறு உப்பி, மீன் ஒருக்களித்தோ மிதந்தோ நீந்தினால் பெரும்பாலும் தீனி மிகுதிதான். ஃபைட்டரின் இரைப்பை மிகச் சிறியது. இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள், பிறகு டாஃப்னியா என்ற சின்ன நீர்ப்பூச்சியைக் கொஞ்சம் கொடுங்கள். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் எழும்பி நின்றால் அது டிராப்ஸி. அது தனி நோயின் பெயர்கூட இல்லை. சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் கைவிடத் தொடங்கியதன் அடையாளம். எப்சம் சால்ட் (மக்னீசியம் சல்பேட்) உடம்பில் நீர் கோத்த வீக்கத்தைச் சற்று இறக்கும், ஆனால் பிழைப்பவை குறைவு. இதை மறைத்துப் பேசுவது வளர்ப்பவருக்கும் மீனுக்கும் நல்லதல்ல.

மருந்து கொடுத்தே ஆக வேண்டுமானால் தனிப் பாத்திரத்தில் கொடுங்கள். மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து தொட்டியின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலக்க வேண்டாம். மனிதர் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துப் போடுவதைக் கைகூப்பிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். அளவு தெரியாமல் போடுவதால் நோய் போகாது, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாதான் வளரும். உப்பு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம், அதுவும் சில நாளுக்கு மட்டும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே தங்கும். வற்றிய அளவுக்கு மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். நைட்ரைட் ஏறிய தொட்டியில் உப்பின் குளோரைடு மீனுக்குள் நைட்ரைட் புகுவதைத் தடுக்கும், அது உண்மையான பயன்.

மருத்துவரிடம் வரும்போது மீனை ஒரு பாத்திரத்திலும் தொட்டித் தண்ணீரைத் தனியாக ஒரு பாட்டிலிலும் கொண்டுவாருங்கள். இதுவரை ஊற்றிய மருந்துகளின் பெயரையும் தேதியையும் எழுதி வாருங்கள். தேறாது என்று தெரிந்தபின் மீனைக் கழிவறையில் விடுவதோ ஃப்ரீசரில் வைப்பதோ கொடுமை. மயக்க மருந்தின் மிகை அளவில் வலியின்றி முடித்துவைக்க மருத்துவரால் முடியும், தயங்காமல் கேளுங்கள்.

மெலிந்துகொண்டே போய், முதுகு வளைந்து, புண்ணோடு இருக்கும் மீனுக்கு மைகோபாக்டீரியா தொற்று இருக்கக்கூடும். அது நம் கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாக நமக்கும் தொற்றும். காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கையை விட வேண்டாம். கையை விட்டுத் தொட்டியைக் கழுவிய சில வாரங்களில் விரலிலோ கையிலோ ஆறாத முடிச்சு வந்தால், தோல் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.